அம்மாவின் நகையை எடுக்கும் முன், அந்தத் தாளின் வலது பக்கத்தைப் பாருங்கள்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், கல்லூரி எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"தன்னாட்சி பெற்ற தனியார் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) படிக்கிறேன். நான்காவது செமஸ்டர் முடியப்போகிறது. சிஜிபிஏ 8.4, அரியர் இல்லை. அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. டிசம்பர் விடுமுறையில் மலேசியா, சிங்கப்பூருக்கு 12 நாள் 'இம்மர்ஷன்' என்று கல்லூரியில் 1,65,000 ரூபாய் கேட்கிறார்கள். ஏழாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கலாம், மொத்தம் ஆறரை லட்சம் ஆகும் என்று ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. வெளிநாட்டு சர்டிபிகேட் ஒன்று இருந்தால் எம்எஸ் (முதுநிலைப் படிப்பு) சீட் உறுதி, அங்கே வாங்கும் மார்க் தானாக இங்கே ஏறிவிடும், போனவர்கள் அங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். அம்மா தன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். இந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து தறிக்கொட்டகைக்குப் போய்விடுகிறார். இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானோ என்று நினைத்தால் அழுகை வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?"

முதலில் அழுகை வருகிறது என்ற அந்த வரி. வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நீங்கள் நினைக்கக் காரணம், இதுவரை உங்கள் காதுக்கு வந்த இரண்டுமே விற்பனைக்கு வந்தவை. விற்பவர்கள்தான் உங்களைத் தேடி வந்து பேசுவார்கள். தகுதியைப் பார்த்துச் செலவை அவர்களே ஏற்கும் வாய்ப்புகள் யாரையும் தேடி வருவதில்லை. நாம்தான் தேடிப் போக வேண்டும். ஒரு கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் 8.4 கையில் இருக்கும்போது நீங்கள் அழ வேண்டிய இடம் இது இல்லை.

ஒரே பேரில் ஐந்தாறு சரக்கு

'வெளியே போய்ப் படிப்பது' என்ற ஒரே பேச்சுக்குள் பல வகைகள் இருக்கின்றன. நோட்டீசில் எந்தப் பேர் போட்டிருக்கிறது என்பதை விடுங்கள். பணம் யாருக்குப் போகிறது, கிரெடிட் (பாடத்துக்கான மதிப்புப் புள்ளி) யார் தருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். வகை தானாகத் தெரிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் என்பது பரிமாற்றம். உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும். நீங்கள் இங்கே கட்டும் கட்டணத்தையே கட்டிவிட்டு அங்கே போய் உட்காரலாம்; அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. தங்குவது, சாப்பாடு, பயணம், காப்பீடு மட்டும் உங்கள் செலவு. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இந்த முறையில்தான் வளர்ந்தது. இப்போது அதே திட்டத்தில் இந்தியக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் போய்வருகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருந்தால் மாத உதவித்தொகையும் பயணப்படியும்கூடக் கிடைக்கும்.

அதே வகுப்பில், அதே பெஞ்சில், முழுக் கட்டணம் கட்டி உட்காருபவரும் உண்டு. அவர் கட்டணம் செலுத்தும் வருகை மாணவர். கன்சல்டன்சிகள் விற்பது பெரும்பாலும் இதைத்தான். 'எக்ஸ்சேஞ்ச்' என்ற சொல்லை இதற்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆசிரியர் ஒருவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்வரும் குறுகிய பயணம் இன்னொரு வகை. உங்கள் 12 நாள் பயணம் அதில் சேரும். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் தரும் ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் எல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைக்குள் வருகின்றன. ட்வின்னிங்கில் மொத்த கிரெடிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் எடுக்க முடியாது. அது சேரும்போதே தீர்மானிக்க வேண்டிய விஷயம். இரண்டு வருடம் முடித்துவிட்ட உங்களுக்கு இனி அது பொருந்தாது.

கடைசி வகை ஆய்வகப் பயிற்சி. கோடையில் இரண்டு மூன்று மாதம் ஒரு பேராசிரியரிடம் போய் வேலை செய்வது. கடல் தாண்டியும் செய்யலாம், பெங்களூரிலும் செய்யலாம். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். அதற்கு முன் கல்லூரி நோட்டீசையும் கன்சல்டன்சியையும் பார்த்துவிடுவோம்.

12 நாள் பயணம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போய்வந்தால் கண் திறக்கும், நண்பர்கள் கிடைப்பார்கள், விமானத்தில் ஏறும் பயம் போகும். பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளை போகட்டும், தப்பே இல்லை. ஆனால் இந்த சர்டிபிகேட்டைப் பார்த்து எம்எஸ் சீட் தரும் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை. சேர்க்கைக் குழு பார்ப்பது உங்கள் மதிப்பெண், எடுத்த பாடங்கள், செய்த புராஜெக்ட், உங்கள் வேலையை நேரில் பார்த்த ஆசிரியர் எழுதும் கடிதம். 12 நாளில் ஆறு வளாகம் சுற்றினால், உங்கள் பேர் தெரிந்த பேராசிரியர் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார்.

இன்னொன்று. இப்படிப்பட்ட பயணங்களுக்கு வங்கிகள் பொதுவாகக் கல்விக் கடன் தருவதில்லை. வங்கி இதைப் படிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை என்றால், அதற்காக அம்மா நகையைக் கழற்ற வேண்டுமா? கட்டாயம் என்று யாராவது சொன்னால், உங்கள் பாடத்திட்டத்தில் இதற்குக் கிரெடிட் உண்டா, எந்த விதியில் கட்டாயம் என்று எழுத்தில் கேளுங்கள். விருப்பப் பயணம் என்ற பதில்தான் வரும்.

ஜெர்மனிக் கணக்கு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை வாங்குவார்கள். ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. ஒப்பந்தப் பரிமாற்றத்தில் வருபவர்களுக்கு அங்கேயும் அது விலக்கு. வாழ்க்கைச் செலவுக்கு மாணவர் விசாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய ஆறு லட்சம்.

அப்படியானால் உங்களிடம் சொன்ன ஆறரை லட்சம் எது? தங்கும் செலவும் அதற்குள் அடக்கமா, அல்லது அது வெறும் 'பேக்கேஜ்' கட்டணமா? அடக்கம் இல்லை என்றால் மொத்தம் பன்னிரண்டரை லட்சம். இந்த ஒரு கேள்வியை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். விசாவுக்காக 'ப்ளாக்டு அக்கவுன்ட்' (மாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) என்று போடும் பணம் உங்களுடையது, மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். அதை யாருக்கோ கட்டும் கட்டணம் மாதிரிப் பேசினாலும், "அந்தப் பணத்தை நாங்களே காட்டிக்கொள்கிறோம்" என்று சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விசாவுக்குப் பொய்க்கணக்கு காட்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அப்புறம் காலண்டர். ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது, வகுப்புகளும் தேர்வுகளும் முடியப் பிப்ரவரி ஆகிவிடும். உங்கள் ஏழாவது செமஸ்டர் இங்கே ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும். எட்டாவது அதை ஒட்டியே வந்துவிடும். அதாவது நீங்கள் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே கடைசிச் செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், பிளேஸ்மென்ட் நடப்பதே ஏழாவது செமஸ்டரில்தான். வேலை தேவைப்படும் வீட்டுப் பெண் அந்த நான்கு மாதம் ஊரில் இல்லாமல் இருப்பது சாதாரண இழப்பு இல்லை. இதை அந்தக் கன்சல்டன்சி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு செமஸ்டர் போய்விட்டு அங்கேயே வேலை தேடித் தங்கிவிடலாம் என்பதும் தவறு. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அது ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்களுக்கு. செமஸ்டர் மாணவர் திரும்பி வந்தாக வேண்டும்.

மார்க் தானாக ஏறாது

என் மனதை விட்டு அகலாத ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. துறைத்தலைவர் "போய்ட்டு வாப்பா, பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்தான். நல்ல மார்க். திரும்பி வரும்போது அந்தத் துறைத்தலைவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே படித்த இரண்டு பாடங்களுக்கு ஈடாக இங்கே எந்தப் பாடமும் குறிக்கப்படவில்லை என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் கையை விரித்தது. ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த இரண்டையும் எழுதினான். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அவனிடம் 'லேர்னிங் அக்ரிமெண்ட்' இருந்தது. என் மேசையில் விரித்துக் காட்டினான். ஒரு தாள்தான். இடது பக்கம் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், வலது பக்கம் அவற்றுக்கு ஈடாக இங்கே கழியும் பாடங்கள், கீழே மூன்று கையெழுத்து: மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம். இடது பக்கம் நிறைந்திருந்தது. வலது பக்கத்தில் கடைசி இரண்டு கட்டங்கள் காலி. மூன்று கையெழுத்தும் சரியாக இருந்தன. காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான அளவு) கிரெடிட் என்பது வழக்கம். நம் ஊர் கிரெடிட் வேறு கணக்கு. எத்தனைக்கு எத்தனை என்பதைப் போகும் முன் உங்கள் கல்லூரியின் அகாடமிக் கவுன்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பது நல்லது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்காமல் அவர்களே முடிவு செய்ய முடியும். அந்த அனுமதி இல்லாமல் போனால், மார்க் ஏறாதது மட்டுமல்ல, 75 சதவீத வருகைப்பதிவும் அடிபட்டு அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டி வரலாம்.

நீங்கள் தேடிப் போக வேண்டியவை

உங்களுக்குச் சரியான காலம் ஆறாவது செமஸ்டர் முடிந்து வரும் கோடை. விண்ணப்பிக்க வேண்டியது ஐந்தாவது செமஸ்டரில். அதாவது இன்னும் சில மாதங்களில்.

கனடாவின் மைட்டாக்ஸ் நிறுவனம் நடத்தும் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி, இந்தியாவின் இளநிலை மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. 12 வாரம். விமானக் கட்டணம், தங்குமிடம் போன்ற செலவுகளுக்கு அவர்களே உதவுகிறார்கள். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். போட்டி கடுமைதான், ஆனாலும் உங்கள் மதிப்பெண் அந்த வாசலில் நிற்கத் தகுதியானது. தைவான் கல்வி அமைச்சின் டீப் திட்டத்தில் பல்கலைக்கழக ஆய்வகங்கள் வெளிநாட்டு மாணவர்களைச் சில மாதங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் ஈசிஇ, சிப் தொழிலின் தலைநகர் மாதிரி இருக்கும் சின்சூவில்தான் யாங் மிங் சியாவ் துங், சிங் ஹுவா பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உதவித்தொகை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உள்நாடு. இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுருங்கிவிடும். "ஃபாரின் இல்லையா மேடம்" என்பார்கள். சுருங்க வேண்டாம். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யலாம். மாதத் தொகை தருகிறார்கள், ரயில் கட்டணமும் உண்டு. ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப் வெளிக் கல்லூரி மாணவர்களுக்காகவே இருப்பது. சேலத்தில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை.

நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தியை இப்படி பெங்களூருக்கு அனுப்பினோம். முதல் மூன்று வாரம் ஒரே போர்டை மூன்று தடவை சால்டர் செய்திருக்கிறாள். சிக்னலில் இரைச்சல் போகவில்லை. நான்காவது தடவை கிரவுண்ட் இணைப்பை மாற்றிப் போட்டுச் சரிசெய்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் எம்எஸ் விண்ணப்பத்துக்கு அந்தப் பேராசிரியர் எழுதிய கடிதத்தில், அந்த நான்காவது முயற்சியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எந்த நாட்டுச் சேர்க்கைக் குழுவும் உட்கார்ந்து படிக்கும் பத்தி அது. அவள் செலவழித்தது ஹாஸ்டல் சாப்பாட்டுக் காசு.

வெளிநாட்டுச் செமஸ்டர் ஆசை மனதில் இருந்துகொண்டே இருந்தால், எட்டாவது செமஸ்டரைக் குறிவையுங்கள். பல கல்லூரிகளில் அது பெரும்பாலும் புராஜெக்ட் மட்டும்தான். பிளேஸ்மென்ட் முடிந்திருக்கும், வகுப்பு காலண்டர் தொல்லையும் குறைவு. ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்ய அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். 90 நாளுக்கு மேல் ஐரோப்பாவில் தங்கினால் சாதாரண ஷெங்கன் விசா போதாது, அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். ஆகவே முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்

எந்த இடத்தில் பணம் கட்டினாலும் சில உரிமைகள் உங்களுக்கு உண்டு. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது கன்சல்டன்சி பேரிலா, பல்கலைக்கழகத்தின் பேரிலா என்று பாருங்கள். பல்கலைக்கழகக் கட்டணம் நேரடியாக அவர்கள் கணக்குக்கே போக வேண்டும். பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் "ஃபைலில் இருக்கட்டும்" என்று யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. உங்களிடம் இருக்கலாம், கன்சல்டன்சியின் அலமாரியில் இருக்க வேண்டியதில்லை.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். வாய்ப்பேச்சை அங்கே நிரூபிப்பது கஷ்டம். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்பாவிடம் பேசுவது

தறிக்கொட்டகைக்கு எழுந்து போகும் அப்பாவைத் தவறாக நினைக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமலும், சரி என்று சொல்ல வழி தெரியாமலும் எழுந்து போகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பும் பயமும் இருக்கும். அவரிடம் ஒரு தாளில் கணக்காக எழுதிக் கொடுங்கள். எங்கே, எத்தனை நாள், யார் பொறுப்பு, எந்த விடுதி, எவ்வளவு செலவு. முதலில் இரண்டு மாதம் சென்னையோ பெங்களூரோ போய்வந்தால், அடுத்த தடவை தூரம் கூடும்போது அவருக்கும் பயம் குறைந்திருக்கும்.

அம்மாவிடம் நகை இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நாளை எம்எஸ்ஸுக்கு ஜெர்மனியே கிடைத்தால், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. அப்போது வேண்டியது அந்த 11,904 யூரோவைக் காட்டுவது, ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். பட்டப்படிப்பு என்பதால் அப்போது கல்விக் கடனுக்கும் வழி இருக்கிறது. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் கொடுக்கும் ஏற்பாடு வங்கிகளில் உண்டு. மீதிக்கு அன்றைக்கு அந்த நகை உதவும். இன்றைக்கு 12 நாளில் அதைக் கரைத்துவிட்டால் அன்றைக்கு எங்கே போவது?

திங்கட்கிழமை கல்லூரியில் இரண்டு இடத்துக்குப் போங்கள். வெளிநாட்டுத் தொடர்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில், வெளியே படித்த கிரெடிட்டை ஏற்பதற்கு விதி இருக்கிறதா, யாராவது அதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். கோடைப் பயிற்சிக்கான உங்கள் நோக்கக் கடிதத்தின் முதல் வரைவையும் அதோடு வையுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.